வெயில் தாழட்டும்

மொட்டைமாடி அறையில் இருந்த இஸ்திரிக்காரரின் மனைவி தன் பிள்ளையைப் பதினான்கு மாதமும் பதினோரு நாளும் சுமந்தாள். வெளியே வெயில் அதிகம் என்பதால் பிள்ளை வர மறுத்தது. வேறு காரணம் எதுவும் இல்லை. நாட்களின் எண்ணிக்கையில் சின்னத் தவறு இருக்கலாம். நர்ஸம்மா கொடுத்த அட்டையில் முதல் தேதி வியர்வையில் கரைந்துபோய்விட்டது. அது மூன்றா எட்டா என்று இன்றுவரை யாராலும் சொல்ல முடியவில்லை. எட்டு என்றால் பதினோரு நாள், மூன்று என்றால் பதினாறு நாள். மிகைப்படுத்திச் சொன்னதாக இருக்க வேண்டாம் என்று இங்கே குறைந்த கணக்கே எடுக்கப்பட்டிருக்கிறது.

அந்தக் கட்டிடம் நான்கு மாடி, மாடிக்கு எட்டு வீடு, ஆக முப்பத்திரண்டு. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை கணக்கில் சேராதது. அதில்தான் இஸ்திரிக்காரரும் மனைவியும், கல்யாணம் ஆகாத அவருடைய அக்காவும் இருந்தார்கள். எண்பத்து நான்கு படி இறங்கினால் படிக்கட்டு தொடங்குகிற இடத்தில் அவருடைய மேசை. கரி போட்டுத் தேய்க்கிற பெட்டி ஏழு கிலோ. இருபத்தொரு வருடம் அதைப் பிடித்துப் பிடித்து அவருடைய வலது உள்ளங்கையில் சூடு நிரந்தரமாகத் தங்கிவிட்டது. காலையில் கரி பற்றவைப்பதற்கு முன்பும் அது சூடாகவே இருக்கும். ரொட்டியில் வெண்ணெய் தடவ அவர் கத்தி தேடியதில்லை. கல்யாணமான முதல் குளிர்காலத்தில் அவருடைய மனைவி தன் இரண்டு பாதங்களையும் அந்தக் கையில் வைத்துக்கொண்டுதான் தூங்கினாள். அப்போது அது அந்த வீட்டின் ஒரே சொத்தாக இருந்தது.

பிள்ளைக்கு நாள் குறித்த வருடம் கோடை முப்பது நாள் முன்னால் வந்தது. வந்தது போகவில்லை. முதல் மாதத்தில் நாற்காலிகளின் பசை உருகி, உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தபடியே தரைக்கு இறங்கினார்கள். இரண்டாம் மாதத்தில் காக்கைகள் பறப்பதை விட்டுவிட்டுச் சுவரோரமாக நடந்து போயின. குழாயில் தேயிலை போட்டுக் குடிக்கிற சூட்டில் தண்ணீர் வந்து, பிறகு அதுவும் நின்றது. இரண்டு நாளைக்கு ஒருமுறை டேங்கர் லாரி வந்து வீட்டுக்கு இரண்டு குடம் கொடுத்தது. கட்டிடத்தின் நிழல் காலையில் தெருவில் விழும். பதினொரு மணி ஆனதும் அதுவும் தாங்க முடியாமல் உள்ளே வந்து, இஸ்திரி மேசைக்குப் பின்னால் படிக்கட்டின் அடியில் ஒதுங்கிக்கொள்ளும். போகிற வருகிறவர்கள் அதை மிதிக்காமல் தாண்டிப் போகப் பழகிக்கொண்டார்கள். இரண்டாம் மாடியில் ஒரு பெரியவர், வேலையில் இருந்த காலத்தில் மின்சார மீட்டர் எண் எழுதியவர், சட்டைப்பையில் ஒரு தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் எத்தனை டிகிரி என்று சொல்லிவிட்டுத்தான் நகருவார். அவரை எல்லோரும் வானிலை என்றே கூப்பிட்டார்கள். அந்த மாதங்களில் அவர் சொன்ன மிகக் குறைந்த எண் நாற்பத்து மூன்று.

குறித்த நாள் வந்து போயிற்று. வலி வரவில்லை. ஒரு வாரம் கழித்து நர்ஸம்மா குடையை மடக்கிக்கொண்டு மாடி ஏறி வந்து வயிற்றில் கை வைத்தவர், வைத்த வேகத்தில் எடுத்துவிட்டார். வயிறு குளிர்ந்திருந்தது. தண்ணீர் ஊற்றி ஓர் இரவு வைத்த பானையின் வெளிப்புறம் எப்படி இருக்குமோ அப்படி. பிள்ளையின் இதயத் துடிப்பு சீராக, நிதானமாகக் கேட்டது. எட்டாம் மாதத்தில் தலை கீழாகத் திரும்பியிருந்த பிள்ளை இப்போது நிமிர்ந்து, வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

"பிள்ளைக்கு ஒண்ணும் குறையில்ல. வரத்தான் இஷ்டமில்ல" என்றார் நர்ஸம்மா.

"பின்ன? யாரு இந்த வெயில்ல வெளிய வருவா? புத்தியுள்ள புள்ள. வெயில் தாழட்டும், தானா வரும்" என்றாள் நாத்தனார்.

அது எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது. அந்த மாதங்களில் கடைக்குப் போகிறவர்களும் கடன் கேட்கப் போகிறவர்களும் வெயில் தாழட்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளையை மட்டும் குறை சொல்வதில் அர்த்தம் இல்லை.

மூன்று நாள் மின்சாரம் இல்லாமல் போன வாரத்தில், முதல் மாடித் தையல்காரர் ஈரத் துணியில் சுற்றிய இரண்டு இன்சுலின் பாட்டில்களோடு மேலே வந்தார். அவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். ஐஸ் கிடைக்கவில்லை, மருந்து கெட்டுப்போனால் அடுத்த மாதம் வரை வேறு இல்லை. வாசலில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தப்பா நினைக்காதம்மா. ரெண்டே ரெண்டு பாட்டில்தான்."

"வைங்க மாஸ்டர். இடம் இருக்கு" என்று அவள் கொஞ்சம் நகர்ந்து படுத்தாள்.

வயிற்றின் இடது பக்கத்தில் சாய்த்து வைத்த பாட்டில்கள் மறுநாள் பனித்திருந்தன. செய்தி படி இறங்கிப் போக அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் பால் பாக்கெட்டுகள் வந்தன. அதற்கு மறுநாள் காய்ச்சல் கண்ட குழந்தைகள் வந்தார்கள். வயிற்றில் நெற்றியை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் கிடந்தால் காய்ச்சல் இறங்கியது. பிறகு காய்ச்சல் இல்லாதவர்களும் வந்தார்கள். ஊர் முழுக்க மேல்மாடிக்காரர்கள் கீழே இறங்கிக் குளிர் தேடிய காலத்தில், கீழே இருந்தவர்கள் தகரக் கூரைக்கு ஏறிப் போன கட்டிடம் அது ஒன்றுதான். நாத்தனார் வாசலில் ஒரு மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்து வரிசையை நடத்தினாள். பால் வைப்பவர்கள் காலையில், காய்ச்சல்காரர்கள் பகலில், சும்மா வருகிறவர்கள் நான்கு மணிக்கு மேல், ஆளுக்குப் பத்து நிமிடம். காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் கூட்டம் குறைந்திருக்கும் என்று பின்னால் அவளே சொன்னாள். வானிலை தினமும் வந்தார். வாசலில் ஒருமுறை, வயிற்றுக்குப் பக்கத்தில் ஒருமுறை தெர்மாமீட்டரை வைத்து, வெளியே நாற்பத்தாறு, இங்கே இருபத்து நாலு என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல உரக்கச் சொல்வார். வந்தவர்கள் எல்லோரும் அவள் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்து, ஒரே பெருமூச்சை விட்டு, ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்.

"அப்பாடா... என்னா வெயிலு. வெளிய மனுஷன் இருக்க முடியல."

அதில் தவறு இருப்பதாக அப்போது யாருக்கும் தோன்றவில்லை. உண்மையைத்தானே சொன்னார்கள்.

வராதவர் ஒருவர்தான். பிள்ளை வயிற்றில் அசையத் தொடங்கிய மாதத்திலேயே இஸ்திரிக்காரர் ஒன்றைக் கவனித்திருந்தார். அவர் கையை வைத்தால் பிள்ளை மறுபக்கம் ஓடிவிடும். இடது பக்கம் வைத்தால் வலது பக்கம், வலது பக்கம் வைத்தால் மேலே. முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார்கள். பிறகு அவர் சிரிப்பதை நிறுத்தினார். கோடை வந்த பிறகு அவர் மனைவியைத் தொடவே இல்லை. தண்ணீர் கொண்டு வந்தால் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் போய் நிற்பார். தூங்குவது தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம். மற்ற நேரமெல்லாம் கீழே, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கோடையில் தேய்த்த சட்டை போட நினைத்த மனிதர்கள் யாரும் இல்லை. ஆஸ்பத்திரி மட்டும் மூட்டை மூட்டையாக விரிப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தது. எதனால் அத்தனை விரிப்பு தேவைப்பட்டது என்று அவர் கேட்கவில்லை, கொண்டு வந்தவனும் சொல்லவில்லை.

பதினோராம் மாதத்தில் அவள் உருகத் தொடங்கினாள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பதை அந்தக் கட்டிடம் கண்ணால் பார்த்தது. பிள்ளை தன் அறையைக் குளிர வைத்துக்கொள்ள, உள்ளே இருந்த சூட்டையெல்லாம் அவளுடைய கைகால்களுக்கும் தலைக்கும் தள்ளிக்கொண்டிருந்தது. வயிற்றின்மேல் வைத்த பால் உறையும், நெற்றியில் போட்ட ஈரத் துணி பத்து எண்ணுவதற்குள் காய்ந்து மொரமொரவென்று நிற்கும். உதடு வெடித்தது. தலைமுடி கையோடு வந்தது. பாதங்கள் வீங்கி, அழுத்திய இடத்தில் பள்ளம் விழுந்து மாறவில்லை. நான்கு பேர் அவளை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அறுத்து எடுக்க மூன்று முறை நாள் குறித்தார்கள். முதல் முறை அவளை மேசையில் கிடத்திய நிமிடத்தில் அறையைக் குளிர்விக்கிற இயந்திரம் நின்றது. இரண்டாம் முறை கத்திகள் வைத்த தட்டைத் தொட்டதும் கையுறைகள் உருகி ஒட்டிக்கொண்டன. மூன்றாம் முறை அறுவை செய்ய வேண்டிய டாக்டரே வெயில் தாக்கி அவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தார். படுத்தபடியே அவர் சொன்னார், சிறுநீரகம் மூன்று வாரம் தாங்கும், அதற்கு மேல் தாயைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. மற்றபடி வெயில் தாழட்டும், பார்க்கலாம். நால்வரும் அவளைத் திரும்பத் தூக்கிக்கொண்டு எண்பத்து நான்கு படி ஏறினார்கள். அவள் போகும்போது இருந்ததைவிடக் கனம் குறைந்திருந்தாள் என்று நால்வரும் தனித்தனியாகக் கேட்டபோதும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

அதன்பிறகு நர்ஸம்மா ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டு, காலையிலிருந்து மாலை வரை அவள் வயிற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அறை சும்மா இருக்கும்போது பிள்ளை மெல்ல மெல்லக் கீழே இறங்கிவரும். யாராவது படி ஏறி வந்து உட்கார்ந்து, என்னா வெயில் என்றதும் முழங்காலை மடக்கிக்கொண்டு மறுபடி மேலே ஏறிவிடும். நர்ஸம்மா அட்டையின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். மாலையில் எண்ணிப் பார்த்தால் அறுபத்தொரு கோடு. அறுபத்தொன்று ஒரு நாளைக்கு. இப்படி ஐந்து மாதம். அப்போது அறையில் ஒன்பது பேர் இருந்தார்கள்.

"பாவம், அதுக்கு வெளிய என்ன இருக்குன்னு என்ன தெரியும்? நாம சொன்னதுதான் தெரியும்" என்றார் நர்ஸம்மா. "குளிருக்கு வந்து உக்காந்துகிட்டு, வராத வராதன்னு அத்தனை பேரும் சொல்லியிருக்கோம்."

வானிலை தெர்மாமீட்டரைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கால்சட்டைப் பையில், கொஞ்சம் ஆழமாக, வைத்துக்கொண்டார்.

அன்று மாலையே நாத்தனார் கதவில் சுண்ணாம்பால் எழுதிவைத்தாள்: உள்ளே வெயிலைப் பற்றிப் பேசக் கூடாது. மனிதர்களால் அது முடிகிற காரியமாக இல்லை. படி ஏறி வந்தவர் உட்காரும்போதே, அப்பாடா என்னா என்று தொடங்கிவிட்டு, நாத்தனாரின் முகத்தைப் பார்த்து, என்னா காத்து என்று முடித்தார். காற்று வீசி நான்கு மாதம் ஆகியிருந்தது. இன்னொருவர் என்னா அழகு என்றார். எது என்று கேட்டதற்குத் தகரக் கூரையைக் காட்டினார். பேசாமல் இருப்பது கடினமாக இருந்ததால் பொய் சொல்ல ஆரம்பித்தார்கள். மேகம் போட்டிருக்கிறது, தெருவில் குடை பிடித்துப் போகிறார்கள், போர்வை எடுத்து வை. பிள்ளை அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தது. பொய்க்கு ஒரு சாட்சி வேண்டும் என்று வானிலைதான் யோசனை சொன்னார். தன் பங்குத் தவறு பெரியது என்று அவர் நினைத்ததில் வியப்பில்லை. லாரி வந்த நாளில் முப்பத்திரண்டு வீடும் வீட்டுக்கு ஒரு குடம் கொடுத்தது. பதினாறு பேர் மொட்டைமாடியில் நின்று தகரக் கூரைமேல் கையால் தெளித்து மழை பெய்தார்கள். வானிலை ஒரு தகரத் தகட்டை ஆட்டி இடி இடித்தார். உள்ளே அவள் வயிற்றைத் தடவிக்கொண்டு சொன்னாள்.

"மழை பேயுது பாரு கண்ணு. கேக்குதா? வா, வந்து பாரு."

பிள்ளை கேட்டது. திரும்பியது. தலையைக் கீழே இறக்கியது. ஐந்து மாதத்தில் முதல்முறையாக வலி வந்தது. நர்ஸம்மா கையைக் கழுவிக்கொண்டு தயாரானார். பதினோரு நிமிடத்தில் குடங்கள் காலியாயின. கூரையில் விழுந்த தண்ணீர் கொதித்து ஆவியாக உள்ளே இறங்கி, அறை ஈரத் துணியில் பெட்டி வைத்ததுபோல ஆகிவிட்டது. பிள்ளை ஏறியது, முன்பு இருந்ததைவிட மேலே, விலா எலும்புக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு அவளால் உட்கார்ந்தால்தான் மூச்சுவிட முடிந்தது. அதைவிட, எந்தக் குரலுக்கும் பிள்ளை அசைவதில்லை என்று ஆனது. அவளுடைய குரலுக்கும்தான். டாக்டர் சொன்ன மூன்று வாரத்தில் அப்போது ஒன்பது நாள் போயிருந்தது. கட்டிடத்தில் அன்று எல்லோரும் தாகம் தீராமல் படுத்தார்கள்.

மறுநாள் காலை இஸ்திரிக்காரர் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் போனபோது அவள் கூப்பிட்டாள்.

"ஏங்க. கிட்ட வாங்க."

"வேணாம். பயப்படும்."

"பயப்பட்டா பயப்படட்டும். கைய வைங்க."

"என் கை எப்படின்னு உனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் கேக்கறேன். நாங்க எல்லாரும் அதுகிட்ட பொய் சொல்லியாச்சு. பொய் சொல்லாதவரு நீங்க ஒருத்தர்தான்."

வாசலில் இருந்த அக்காவுக்கு விஷயம் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் எழுந்து உள்ளே வந்தாள்.

"டேய், பச்சப் புள்ளைடா அது. பொறக்கறதுக்கு முன்னாடியே அதுக்கு வெயிலப் பழக்கணுமா?"

"வேற எதக்கா பழக்கறது? நம்மகிட்ட என்ன இருக்கு?"

அக்கா வெளியே போய், மொட்டைமாடி வெயிலில், செருப்பில்லாமல், தம்பி கூப்பிடும்வரை நின்றாள்.

மெல்லிய துணி வந்தால் அவர் பெட்டியை நேராக வைக்கமாட்டார். முதலில் துணிக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்துக் காட்டுவார், துணிக்குச் சூடு வரப்போகிறது என்று தெரிய வேண்டும் என்பார். பிறகு ஈரத் துணி ஒன்றை மேலே போட்டு அதன் வழியாக. பிறகு உள்பக்கத்து மூலையில் ஓர் ஓரம். கடைசியில்தான் முழுப் பெட்டி. இருபத்தொரு வருடத்தில் அவர் பொசுக்கிய துணி இரண்டு. இரண்டும் முதல் வருடத்தில். அதே ஒழுங்கில் அவர் தன் கையை வைத்தார். முதல் நாள் வயிற்றுக்கு ஒரு சாண் மேலே நிறுத்தினார். பிள்ளை மூலைக்கு ஓடியது. அவர் கையை எடுக்காமல் ஐம்பது எண்ணினார். இரண்டாம் நாள் நூறு. மூன்றாம் நாள் இரண்டு மடிப்பு ஈரத் துணியின் மேல் வைத்தார். துணி காய்ந்ததும் எடுத்துவிட்டார். வைத்திருக்கும் நேரமெல்லாம் பேசினார். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. சட்டைக்கு எத்தனை, புடவைக்கு எத்தனை என்பதற்கு மேல் அவர் பேசி வாடிக்கைக்காரர்கள் கேட்டதில்லை. பிள்ளையிடமும் அதே குரலில்தான் பேசினார்.

"இதுதான் வெயில். பொய் இல்ல. அன்னிக்குப் பெஞ்சது மழை இல்ல, குடத்துத் தண்ணி. வெயில் குறையுமான்னு எனக்குத் தெரியாது, குறையும்னு சொல்லமாட்டேன். விடியகாலையில கொஞ்சம் பரவாயில்ல. பதினொண்ணுக்கு மேல கஷ்டம். அப்ப கட்டிடத்து நிழல் வந்து நம்ம மேசைக்குப் பின்னாடி படுத்துக்கும். அதோட பேசி வச்சிருக்கேன், கொஞ்சம் நகர்ந்துக்கும். மூணு பேருக்கு இடம் இருக்கு."

"நாலு பேருக்கு" என்றாள் அக்கா, வாசலிலிருந்து.

"நாலு பேருக்கு. நெருக்கி உக்காரணும்."

ஐந்தாம் நாள் ஒரு மடிப்புத் துணி. அன்று அவர் எண்பது எண்ணியபோது உள்ளேயிருந்து ஏதோ ஒன்று அவருடைய உள்ளங்கையைத் தொட்டுவிட்டுச் சட்டென்று விலகியது. சற்றுப் பொறுத்து மறுபடி தொட்டது, விலகியது. பெட்டி எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று பார்க்க, விரல் நுனியை நனைத்துக்கொண்டு அடிப்பக்கத்தை இப்படித்தான் தொட்டு எடுப்பார்கள். ஒரு நாளைக்கு இருபது முறை அவர் செய்கிற காரியம். அவர் மனைவியைப் பார்த்தார்.

"சூடு பாக்குதுடி" என்றார்.

அவளுக்குச் சிரிக்கத் தெம்பு இல்லை. கண்ணை மூடித் திறந்தாள். அன்று அவளுக்கு நினைவு இரண்டு முறை தப்பியது. ஏழாம் நாள் சிறுநீர் வரவில்லை. அன்றுதான் நர்ஸம்மா ஒரு பையில் துணிமணி எடுத்துக்கொண்டு வந்து அந்த அறையிலேயே தங்கிவிட்டார். தாய்க்கு இன்னும் எத்தனை நாள் என்று இஸ்திரிக்காரர் கேட்டபோது, நீங்க கைய எடுக்காதீங்க அண்ணே என்று மட்டும் சொன்னார். எட்டாம் நாள் துணி இல்லாமல் வெறும் கையை ஓர் ஓரத்தில் வைத்தார். அவள் வலியில் முனகினாள், கையை எடுக்கச் சொல்லவில்லை. எடுத்த பிறகு அந்த இடத்தில் ஐந்து விரலும் சிவப்பாகத் தெரிந்தன. அந்தத் தடம் இன்றும் இருக்கிறது. பிள்ளை விலகிப் போய், நின்று, திரும்பி வந்து அந்தத் தடத்துக்கு நேராக உட்கார்ந்தது.

ஒன்பதாம் நாள் பன்னிரண்டு மணிக்கு வெளியே நாற்பத்தொன்பது. வானிலை அதை யாரிடமும் சொல்லாமல் ஒரு சீட்டில் எழுதி மடித்து வைத்துக்கொண்டார், அதிலிருந்துதான் அது தெரியும். இஸ்திரிக்காரர் முழுக் கையையும் வைத்தார். பிள்ளை முதுகைக் கையோடு சேர்த்துச் சாய்ந்துகொண்டது. இருநூறு எண்ணியும் நகரவில்லை. முன்னூற்றுப் பத்தில் திரும்பித் தலையைக் கீழே இறக்கியது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஆனாலும் முப்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் அன்றைய இரண்டாவது குடத்தோடு படி ஏறி வந்துகொண்டிருந்தார்கள். இந்த முறை மழை பெய்ய அல்ல. தேய்க்க வந்திருந்த ஆஸ்பத்திரி விரிப்புகளை அவிழ்த்துத் தண்ணீரில் தோய்த்து, சுவரிலும் வாசலிலும் கூரையின் கீழும் தொங்கவிட்டார்கள். காய்ந்ததைக் கழற்றி மறுபடி தோய்த்தார்கள். மாஸ்டர் கயிறு கட்டினார். சொல்ல உண்மை ஒன்றுதான் இருந்தது, அதைப் பிள்ளையின் அப்பா ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார்.

இரண்டே கால் மணிக்குப் பிறந்தது. பெண். தோள்வரை முடியும் கீழ்வரிசையில் இரண்டு பல்லும் இருந்தன. பிறந்ததும் அழவில்லை. கண்ணைத் திறந்து, கூசி, வெயிலில் தூரத்து ஆளைப் பார்க்கிறவர்கள் செய்வதுபோல இடது கையைப் புருவத்துக்கு மேலே வைத்துக்கொண்டு, அங்கே இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. கடைசியாக அப்பாவைப் பார்த்தது. அதன்பிறகுதான் மற்றப் பிள்ளைகளைப் போல அழுதது. அதே நிமிடத்தில் தாயின் வயிற்றிலிருந்து குளிர் போய்விட்டது. மாஸ்டர் தன் இரண்டு பாட்டில்களையும் எடுத்து ஈரத் துணியில் சுற்றிக்கொண்டு, வாழ்த்துச் சொல்லிவிட்டு, இனி அவற்றை எங்கே வைப்பது என்று கேட்காமல் இறங்கிப் போனார்.

தாய் பிழைத்தாள், பாதி. ஒரு சிறுநீரகம் போயிற்று. உதிர்ந்த முடி மறுபடி முழுக்க வெள்ளையாக முளைத்தது. எண்பத்து நான்கு படி ஏறக் கூடாது என்றதால், படிக்கட்டின் அடியில் மேசைக்குப் பின்னால் ஒரு தடுப்பு வைத்துக் குடும்பம் கீழேயே தங்கிவிட்டது. பதினொரு மணிக்கு நிழல் உள்ளே வரும்போது அவர்கள் நகர்ந்து இடம் விடுவார்கள். நெருக்கி உட்கார்ந்தால் நான்கு பேருக்கும் நிழலுக்கும் போதும். அந்தக் கோடை அதற்குப் பிறகும் எண்பது நாள் நீடித்தது. மாஸ்டரின் மருந்து அந்த எண்பது நாளில் கெட்டுப்போனது. மழை வருவதற்கு ஒன்பது நாள் இருக்கும்போது அவர் இறந்தார். முதல் மழையில் நனைய அந்தப் பெண்பிள்ளையை வெளியே தூக்கிப் போனார்கள். அது மழையை நம்பவில்லை. கையை நீட்டித் தொட்டுப் பார்த்து, உடனே கையை இழுத்துக்கொண்டு, யார் தெளிக்கிறார்கள் என்று மொட்டைமாடியை அண்ணாந்து பார்த்தது. மூன்று வயது வரை இதே கதைதான்.

அடுத்த கோடையில் மூன்றாம் மாடியில் ஒரு பிள்ளை இருபத்து நான்கு நாள் தாமதமாகப் பிறந்தது. அதற்கடுத்த கோடையில் எதிர்க் கட்டிடத்தில் ஒன்று இரண்டு மாதம் தாமதித்தது. பிறகு கணக்கெடுப்பதை நிறுத்திவிட்டார்கள். கோடையில் நாள் குறித்த பிள்ளை எதுவும் இப்போது குறித்த நாளில் வருவதில்லை. ஆஸ்பத்திரி அட்டையில் தாமதத்தின் காரணம் என்று புதிதாக ஒரு கட்டம் அச்சடித்திருக்கிறார்கள். நாளாகிப்போனால் இஸ்திரிக்காரரைக் கூப்பிடுவார்கள். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு போவார். ஒரு சாண் மேலே நிறுத்தி, எண்ணத் தொடங்கி, தெரிந்ததை மட்டும் சொல்வார். குறையும் என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. மகள் கூடவே போய் ஈரத் துணி மடித்துக் கொடுப்பாள். பன்னிரண்டு வயது ஆகிறது, அட்டையில் குறித்த நாளிலிருந்து எண்ணினால் பதின்மூன்று என்றும் ஒரு கணக்கு இருக்கிறது.

இந்தக் கோடையில் வானிலையின் மருமகள். வியாழக்கிழமையோடு ஏழு வாரம் தாண்டிவிட்டது. நர்ஸம்மா வந்து வயிற்றில் கை வைத்து, குளிர்ச்சியைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வீட்டில் யாரும் பதறவில்லை. பெரியவர் ஊமைபோல ஓரமாக உட்கார்ந்திருந்தார், அவருக்கு அந்த அறையில் பேச அனுமதி இல்லை. நர்ஸம்மா அட்டையை எடுத்து, காரணம் என்ற கட்டத்தில் வெயில் என்று எழுதினார். கீழே வந்து இஸ்திரிக்காரரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, படிக்கட்டின் அடியில் படுத்திருந்த நிழலை மிதிக்காமல் தாண்டி, குடையை விரித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.